தகரக் கொட்டகையில் ஒரு விளக்கு

எங்கள் வீட்டுக் கொல்லையில் அப்பாவின் ஸ்கூட்டரை நிறுத்தத் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. அதற்கு விளக்குப் போட்டவன் அடியேன்தான். இயற்பியல் மாணவன் என்ற மிடுக்கு! சமையலறைப் பிளக்கிலிருந்து இரட்டை ஒயர் இழுத்தேன். நீளம் போதவில்லை. நடுவில் முறுக்கி ஒட்டுப் போட்டு, கறுப்பு டேப் சுற்றி, இரும்புத் தூணோடு சேர்த்துக் கட்டினேன். அன்றிரவு விளக்கு எரிந்தபோது அப்பா முதுகில் தட்டிக் கொடுத்தார்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை. அதே தூணில் கட்டியிருந்த கம்பிக் கொடியில் துணி உலர்த்தப் போன அம்மா, "ஐயோ!" என்று அலறி விழுந்தாள். காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் பிழைத்தாள். கோடை முழுவதும் தகரச் சூட்டில் காய்ந்து, டேப்பின் பசை விட்டுப் போயிருந்தது. சுவிட்சை நான் கொட்டகைக்குள் வைத்திருந்தேன். எனவே விளக்கு அணைந்திருந்தாலும் ஒட்டில் மின்சாரம் இருந்தது. மழைநீர் அதைத் தூணுக்குக் கடத்திவிட்டது.

பியூஸ் ஏன் போகவில்லை? வந்து பார்த்த ஒயர்மேன் அண்ணனிடம் கேட்டேன்.

"பியூஸ் ஒயரைக் காப்பாத்தத்தான் தம்பி, ஆளைக் காப்பாத்த இல்லை. காலேஜ்ல சொல்லித் தரலையா?"

சொல்லித் தந்திருந்தார்கள். 230 வோல்ட், நனைந்த உடம்பின் தடை சுமார் 1000 ஓம் என்று வைத்தால், பாய்வது கால் ஆம்பியர்கூட இல்லை. 5 ஆம்பியர் பியூஸுக்கு அது கொசுக்கடி. மனித இதயத்தை நிறுத்தவோ, அது தாராளம். ஓம் விதியை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான்!

அண்ணன் என் வேலை முழுவதையும் பிய்த்தெறிந்தார். பி.வி.சி. குழாய்க்குள் ஒட்டே இல்லாத ஒயர், விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பிளக்குக்கு 2.5. கூடவே பச்சை ஒயர். பள்ளம் தோண்டிக் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு எர்த் குழாய் புதைத்து, தகரத்தையும் தூணையும் அதோடு இணைத்தார். மெயினில் ஓர் ஆர்.சி.சி.பி. வைத்தார். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே அது கண்ணிமைப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும்.

அம்மா இப்போது முருங்கைக்கும் தென்னைக்கும் நடுவே நைலான் கயிறு கட்டித் துணி உலர்த்துகிறாள். மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்துவது என் வேலை. 'டப்' என்று வீடு முழுதும் இருளும்போது, சமையலறையிலிருந்து அவள் குரல் மட்டும் வரும்: "யாருக்குடா என்ன ஆச்சு?"