வாயுள்ள பிள்ளையும் வாக்குமூலமும்

"அண்ணே, நாளைக்குக் காலைல ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. தெரிஞ்சதெல்லாம் சொல்லிடவா, இல்ல வாயை மூடிக்கிட்டு இருக்கவா? பேசாம இருந்தா நான்தான் எடுத்தேன்னு நினைச்சுடுவாங்களே?"

போன் செய்தவன் எங்கள் ஊர்ப் பையன். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. செம்பரம்பாக்கத்தில் ஐந்து பேரோடு ஒரே அறையில் வாசம். கம்பெனி குடோனில் செப்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போய்விட, நைட் ஷிப்ட்டில் இருந்த எல்லோருக்கும் அழைப்பு. அதுவும் சூப்பர்வைசர் மூலம் வாய்வழியாக.

நான் வக்கீல் இல்லை. படித்தது பி.காம். ஆனாலும் பத்திரிகைக்காரன் என்றால் பாதி வக்கீல், பாதி டாக்டர் என்று ஊரில் ஒரு நம்பிக்கை.

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். 'மௌனம் சம்மதம்' என்பதும் நம்ம கணக்குத்தான். பெண் பார்க்கிற இடத்தில் பெண் பேசாவிட்டால் சம்மதம். ஸ்டேஷனில் ஒருவன் பேசாவிட்டால் அவன்தான் திருடன். பையனின் பயமும் அதுதானே?

சட்டம் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவு. போலீஸ் விசாரணையில் கேட்கிற கேள்விகளுக்கு உண்மையான பதில் சொல்லியாக வேண்டும். ஆனால், நம்மையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 161-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 180 ஆகியிருக்கிறது. நம்பர்தான் மாறியது, சரக்கு அதேதான். ஒன்று கவனியுங்கள், இது பொய் சொல்வதற்கான லைசென்ஸ் அல்ல.

இதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் நிறுத்தியது ஒரு பெண்மணி. ஒரிசாவின் முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதி. 1977-ல் கட்டாக் விஜிலன்ஸ் போலீஸார் நீளமான கேள்விப் பட்டியலை நீட்டினார்கள். 'பதில் சொல்ல மாட்டேன்' என்றார் அவர். பதில் சொல்ல மறுத்ததற்கே ஒரு வழக்குப் போட்டார்கள். 1978-ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார்: மௌன உரிமை கோர்ட்டில் மட்டுமல்ல, போலீஸ் விசாரணையிலேயே தொடங்கிவிடுகிறது. விசாரணையின்போது வக்கீல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால், மறுக்கக் கூடாது.

'யோக்கியனுக்கு எதற்கு சார் மௌனம்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் தேட ஒரிசா வரை போவானேன்? செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டி பெங்களூர் ரோட்டிலேயே போனால் ஸ்ரீபெரும்புதூர்.

1991 மே 21. ராஜீவ் காந்தியும், பந்தோபஸ்துக்கு வந்த போலீஸார் உட்பட மேலும் பலரும் அங்கே பலியானார்கள். கொடூரமான குற்றம், அதில் இரண்டு கருத்து கிடையாது. வழக்கு தடா சட்டத்தில் நடந்தது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பது 1872-ல் வெள்ளைக்காரன் எழுதிவைத்த விதி. தன் போலீஸை அவனே நம்பவில்லை! தடா அந்தச் சுவரை இடித்தது. எஸ்.பி. அந்தஸ்தில் ஓர் அதிகாரி பதிவு செய்தால் அந்த வாக்குமூலம் செல்லும் என்றது. 1999-ல் உச்ச நீதிமன்றம், இது தடா குற்றமே அல்ல என்றது. ஆனால், தடாவில் வாங்கிய வாக்குமூலங்கள் செல்லும் என்றும் சொன்னது.

கைதானபோது பேரறிவாளனுக்கு வயது 19. இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்தவர் சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன். ஓய்வுபெற்ற பிறகு, 2013-ல் அவரே வாய் திறந்தார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதாகவும், அந்த வரியைத் தான் எழுதவில்லை என்றும் சொன்னார். 2017-ல் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்தார்.

ஒரே ஒரு வரி!

கணக்குப் பேரேட்டில் ஒரு வரி விட்டுப்போனால் டேலி ஆகாது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேடுவோம். இங்கே அந்த ஒரு வரி இல்லாமலே தூக்குத் தண்டனை வரை டேலி ஆனது. 2014-ல் அது ஆயுள் தண்டனையானது. 2022 மே 18-ல் விடுதலை. குற்றமற்றவர் என்று சொல்லி அவரை விடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால், அந்த வரியும் கோர்ட்டின் முன் இருந்திருந்தால்? 31 வருடங்களுக்குப் பிறகு கேட்டு என்ன பயன்?

பேசுவது நாம், எழுதுவது வேறொருவர் என்கிற இடத்தில் யோக்கியனுக்கும் மௌனம் தேவைப்படுகிறது.

பையனிடம் இத்தனையும் சொல்லவில்லை. தெரிந்த ஒரு ஜூனியர் வக்கீலைக் கூட அனுப்பினேன். ஷிப்ட் நேரம், கேட்டில் பஞ்ச் வைத்த நேரம், யாரைப் பார்த்தான் என்பதையெல்லாம் சொன்னான். "சுருளை நீதானே கேட் வரைக்கும் தூக்கிட்டு வந்தே?" என்றபோது, "அதுக்கு நான் பதில் சொல்ல விரும்பலை சார்" என்றானாம். மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்து அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை கான்ட்ராக்டர், "இனி வேலைக்கு வர வேண்டாம்" என்றார். சட்டம் தண்டிக்காத மௌனத்தை அவர் தண்டித்துவிட்டார். இப்போது வேறு கம்பெனியில், ஆயிரம் ரூபாய் குறைந்த சம்பளத்தில் இருக்கிறான்.

முன்னாள் முதல்வர் பேச மறுத்தால் அது தீர்ப்பாகிறது. கான்ட்ராக்ட் தொழிலாளி பேச மறுத்தால் லத்திதான் முதலில் பேசும் என்ற பயம் இருக்கிறது. 2020-ல் சாத்தான்குளம், 2025-ல் நகைத் திருட்டுப் புகாரில் விசாரிக்கப்பட்ட திருப்புவனம் கோயில் காவலாளி... இந்த மரணங்களுக்குப் பிறகு அதை வீண் பயம் என்று யார் சொல்ல முடியும்? அதனால்தான் பக்கத்தில் ஒரு வக்கீல் வேண்டும் என்கிறேன்.

உங்கள் வீட்டிலோ, மாடி ரூமிலோ இப்படி ஒரு தம்பி இருந்தால் மூன்று விஷயங்களைச் சொல்லி வையுங்கள். அழைப்பை எழுத்தில் கேள். தனியாகப் போகாதே. விசாரணையில் நீ சொன்னதை எழுதி நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே; வாங்கக் கூடாது என்பதே சட்டம். வக்கீலுக்குக் காசில்லை என்றால், இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. செல்போனில் இப்போதே போட்டு வைக்கச் சொல்லுங்கள்.