பதிவும் பொருளும்

பொருளுக்குப் பெயரிடுதல் மனிதனின் பழந்தொழில். இட்ட பெயர் ஏடுகள் அனைத்திலும் ஒன்றாகவே உளதா எனப் பார்த்தல் அதனினும் அரிய தொழில். கலைப்பீட மாணவனாகிய நான் இதனை உணர்ந்தது நுண்சில்லு வடிவமைப்பினின்று என்றால் வியப்பாயிருக்கலாம்.

ஹற்றனை அடுத்த தோட்டமொன்றிற் பிறந்து மின்னணுப் பொறியியல் கற்ற என் மாமா மகன் அத்துறையிற் பணிபுரிபவர். விடுமுறையில் அவரருகே அமர்ந்து கண்டவை இவை. இலட்சக்கணக்கான திரான்சிற்றர்களை ஒவ்வொன்றாக வரைதல் இயலாது. ஆதலால் தருக்கச் செயல்களைப் புரியும் சிறு சுற்றுகளை முன்னரே ஆக்கி, ‘கலம்’ எனப் பெயரிட்டு, நூலகமாகத் தொகுக்கின்றனர். கூகிளும் ஸ்கைவாட்டரும் 2020இல் யாவர்க்கும் திறந்துவிட்ட 130 நனோமீற்றர் தொகுப்பில் அத்தகைய நூலகங்கள் உள்ளன.

ஒரே கலத்துக்குப் பல பதிவுகள் உண்டு. ஒன்று அதன் வடிவத்தைக் கூறும்; ஒன்று முனைகள் அமைந்த இடத்தைக் கூறும்; மற்றொன்று சமிக்ஞை கடக்கும் நேரத்தைக் கூறும். இவை யாவற்றிலும் கலத்தின் பெயரும் முனைகளின் பெயர்களும் எழுத்துப் பிசகாது ஒத்திருத்தல் வேண்டும். ஆங்கிலப் பேரெழுத்துச் சிற்றெழுத்தாக மாறினும் பல மென்பொருள்கள் அதனை வேறொன்றெனவே கொள்ளும். எனவே சில்லு ஆலைக்குச் செல்லுமுன் பட்டியல்களை ஒப்புநோக்குகின்றனர். பெயர் முரண்பட்டால் கலத்தை எவரும் பழிப்பதில்லை, பதிவே திருத்தப்படுகிறது.

இதனைக் கண்டபோது என் நெஞ்சம் எம் தோட்டத்துப் பேரேடுகளை நாடிற்று. என் அப்பாயியின் பெயரில் செக்ரோலில் நெடிலாயிருந்த முதலெழுத்து அடையாள அட்டையிற் குறிலாயிற்று. சேமலாப நிதிப் பதிவில் ஈற்றெழுத்தே மறைந்தது. நாற்பதாண்டு கொழுந்து பறித்தவர் தம் பணத்தைப் பெறுதற்கு, தாமே அப்பெண் எனச் சத்தியக் கடதாசி முடித்துக் கந்தோர் கந்தோராக அலைந்தார்.

இச்சுமை எம் மக்களுக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டமோ, 1946 ஜனவரி 1க்கு முன் மணமானோர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. ஏடு சீராக இல்லாதார் எதனைக் காட்டுவர்? 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமைக்கு வழிசெய்தது. எனினும் எழுத்துப் பிழை சட்டத்தோடு தீர்ந்துவிடவில்லை.

சில்லு நூலகத்தில் முரணைத் தேடுதல் பதிவோரின் கடமை. தோட்டத்திலோ அது பதியப்பட்டோரின் சுமை. உயிரற்ற கலத்துக்குக் காட்டும் பரிவை உழைக்கும் மனிதனுக்கும் காட்டுதல் அரிதன்று. ஓய்வு பெறும் நாள்வரை காத்திராது, வேலையிற் சேரும்போதே பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, செக்ரோல், சேமலாப நிதிப் பதிவு ஆகியவற்றை ஒப்புநோக்கித் திருத்தலாம் அன்றோ? விடுமுறையில் லயங்களுக்குத் திரும்பும் மாணவர் நாம், எழுதப் படிக்க அறியாத பெரியவர்களின் ஏடுகளை ஒருமுறை பார்த்துக் கொடுப்போமாக. பெற்ற கல்விக்கு அஃதொரு சிறு கைம்மாறு.