முதல் வாசலை யார் ஆராய்வது?

பாண்டிச்சேரிக்காரர்களுக்கு இந்தப் படிப்பு புதுசில்லை. பெயர்தான் புதுசு. மனித-கணினி ஊடாட்டம் என்கிறார்கள். மெஷினை மனுசங்க எப்படிப் புழங்குறாங்க, எங்கே தடுமாறுறாங்க, யாருக்கு அது எட்டாமப் போவுது என்று பார்க்கிற படிப்பு.

1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமங்களில் கம்ப்யூட்டர் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். எழுத்து தெரியாதவருக்கும் காது உண்டே. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாட்டுக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து போன் போட்டுச் சொல்ல, ஊர் ஒலிபெருக்கியில் அறிவித்துத்தான் சனம் ஓடிப் பிழைத்தது. குருசுக்குப்பத்தில் கடலோரம் குடியிருக்கிற எங்களுக்கு இதன் அருமை தெரியும். குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஏம்பலத்தையும் சொல்லியாக வேண்டும். தனித்தொகுதி அது. அங்கே மையம் இருந்தது கோயில் கட்டடத்தில். 2000-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியபடி, கோயிலுக்கு இரண்டு வாசல். ஒன்று சாமிக்கு. அதில் தலித்துகளும் மாதவிலக்கான பெண்களும் நுழையக் கூடாது. இன்னொன்று கம்ப்யூட்டருக்கு. அதில் யாரும் போகலாம். உலகம் இரண்டாவது வாசலைப் பார்த்து வியந்தது. முதல் வாசல் என்னாச்சு என்று நாமதான் கேட்க வேண்டியிருக்கிறது.

கென்டாரோ டோயாமா 2005-ல் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பின்னாளில் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர். கிராமங்களில் கம்ப்யூட்டரை வைத்துப் பார்த்த அனுபவத்தில், 2015-ல் வந்த தன் புத்தகத்தில் அவர் சொன்னது இது: தொழில்நுட்பம், மனிதரிடம் ஏற்கெனவே இருப்பதைத்தான் பெருக்கும். இருப்பது சாதி என்றால் எது பெருகும்?

இத்தனை காலம் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் நாம் ‘பயனர்’. 2022-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பலாஷி வகேலா, இருவரோடு சேர்ந்து, இந்தத் துறையின் பெரிய மாநாட்டில் ஒரு கட்டுரை வைத்தார். அது கம்ப்யூட்டர்காரர்களின் உலகத்தையே ஆராய்ந்தது. சாதியே இல்லை என்று சொல்லிக்கொள்ளும் அந்த உலகத்தில் ‘தகுதி’ என்ற சொல்லுக்குள் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று காட்டியது.

என் அக்கா மகள் இந்தப் படிப்புக்குத்தான் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே “உன் ரேங்க் என்ன?” என்று அவளைக் கேட்டார்கள். ரேங்க் தெரிந்தால் கோட்டா தெரியும், கோட்டா தெரிந்தால் சாதி தெரியும். நேராகக் கேட்க மட்டும் கூச்சம்.

“இன்னும் அஞ்சாறு வருசமா? கவர்மெண்டு பரீட்சை எழுதச் சொல்லுடி” என்கிறாள் அக்கா. கடன் அடைக்கிறவள் பேசுகிற நியாயம் அது. பிள்ளை சொல்வது வேறு. “சித்தி, நம்மளப் பத்தி அவங்க எழுதினது போதும். அவங்களப் பத்தி நான் எழுதணும்.”

நான் பிள்ளை பக்கம். பட்டியல் சாதி மாணவர்களுக்குத் தேசிய ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது. அதற்கு எப்படி எழுதுவது, எந்த வழிகாட்டியிடம் போவது என்று சொல்லித்தரத்தான் நம் தெருவில் ஆளில்லை. பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் தோழர்களே, அதை நீங்கள் செய்யுங்கள்.