ரெண்டு மிதி மிதிச்சா பிடிச்சுக்கும்

மலாக்கா என்றால் பலருக்கு ஜோங்கர் சாலையும் சிவப்புக் கட்டடமும் நினைவுக்கு வரும். எனக்கு மலாக்கா என்பது ஜாசினிலிருந்து அசகானுக்குப் போகும் சாலைதான். இரு பக்கமும் செம்பனை, தூரத்தில் லேடாங் மலை. அப்பா பிறந்த தோட்டம் அங்கேதான் இருந்தது. இன்று லயமும் இல்லை, பால்மரமும் இல்லை. கோயில் மட்டும் நிற்கிறது. ஆண்டுத் திருவிழாவுக்குப் பல ஊர்களுக்குப் பிரிந்து போனவர்கள் எல்லோரும் அங்கே கூடுவோம்.

இந்த முறை அப்பாவின் பழைய காடியை நான் ஓட்டினேன். வயது இருபத்தைந்துக்கு மேல். அக்கா பிள்ளைகளைத் தினமும் பள்ளிக்கு ஏற்றிப் போவதும் அதுதான். ஜாசின் பட்டணத்தில் முதல் சமிக்ஞை விளக்கில் பிரேக்கை மிதித்தேன். கால் பஞ்சில் புதைவது போல உள்ளே போனது. காடி நின்றது, ஆனால் நான் நினைத்த இடத்தில் இல்லை.

“ரெண்டு மிதி மிதிச்சா பிடிச்சுக்கும்மா. ஆறு மாசமா அப்படித்தான்” என்றார் அப்பா, வெகு சாதாரணமாக.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பின் இருக்கையில் பிள்ளைகள் இருவரும் மிக்சர் தின்றுகொண்டிருந்தார்கள். சாலையோரத் தேநீர்க் கடை முன் மெதுவாக ஒதுக்கி நிறுத்தினேன். அப்பா தனக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டார். கால் மணி நேரத்தில் வேனில் வந்து இறங்கினார் ஐம்பது வயது அண்ணன் ஒருவர். தோட்டத்து டிராக்டர் கொட்டகையில் தன் அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே தொழில் கற்றவராம்.

“ரேடியோல பேசுற தங்கச்சிதானே? சரி, இன்னைக்கு நீங்க கேளுங்க, பிரேக் பேசும்” என்றபடி என்ஜினை அணைக்கச் சொன்னார்.

முதலில் பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தார். அளவு ‘மின்’ கோட்டுக்கும் கீழே, நிறம் கறுப்புக் காப்பி. அடுத்து என்னைப் பெடலை நான்கைந்து முறை மிதிக்கச் சொன்னார். மிதிக்க மிதிக்க மேலே ஏறி வந்தது. “ஏறி வந்தா, குழாயில காத்து இருக்கலாம், இல்லைன்னா பின் சக்கர ஷூ தேஞ்சு தள்ளிப் போயிருக்கலாம்.” பிறகு பெடலை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடிக்கச் சொன்னார். அப்படியே நின்றது. “வெளியில ஒழுக்கே இல்லாம, பிடிச்சிருக்கும்போதே மெதுவா கீழே இறங்கினா மாஸ்டர் பம்ப் உள்ளே போச்சுன்னு அர்த்தம். உங்களுக்கு அது இல்ல.”

பிறகு குனிந்து நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தார். இடது பின் சக்கரத்தில் ஈரம் மின்னியது. “இதான் ஆளு.” சக்கரத்துக்குள் இருக்கும் சின்னப் பம்பின் ரப்பர் தேய்ந்து, ஆயில் கசிந்திருக்கிறது. அப்பா அதைப் பார்க்காமல் டப்பாவில் மட்டும் ஊற்றி வந்திருக்கிறார். ஒருமுறை டப்பா காலியாகும்வரை விட்டும் இருக்கிறார். அப்போதுதான் காற்று உள்ளே புகுந்திருக்க வேண்டும்.

விஷயம் எளிதுதான். திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது. அதனால்தான் நம் கால் பலம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. காற்று சுருங்கும். குழாயில் காற்று இருந்தால் நாம் மிதிக்கும் மிதியில் பாதி அதைச் சுருக்கவே செலவாகிவிடும். அந்த ஆயில் மூடிய அமைப்பில் இருப்பது. அது குறைந்தால் ஒன்று பிரேக் பேட் தேய்ந்திருக்க வேண்டும், இல்லையேல் எங்கோ ஒழுக வேண்டும். ஊற்றி நிரப்புவது மருந்து அல்ல.

ஆயில் பழையதானாலும் ஆபத்துதான். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 140 வரை இறங்கிவிடலாம். மலையிறக்கத்தில் பிரேக் சூடேறினால் ஆயில் கொதித்து ஆவியாகும், பெடல் தரையைத் தொடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான்.

“பட்டறை வரைக்கும் மெதுவா ஓட்டிக்கிறேன் தம்பி” என்றார் அப்பா. அண்ணன் பதில் சொல்லாமல் இழுவை வண்டிக்குப் போன் போட்டார்.

பட்டறையில் பின் சக்கரம் இரண்டுக்கும் புதிய பம்ப், புதிய ஷூ. ஆயில் ஊறிய ஷூவைத் துடைத்துப் போடக்கூடாது, ஒரு பக்கம் மட்டும் மாற்றவும் கூடாது என்றார். பிறகு காற்று எடுக்கும் வேலை. நான் உள்ளே, அவர் சக்கரத்தடியில். நிப்பிளில் தெளிவான குழாய், அதன் மறுமுனை ஆயில் உள்ள போத்தலில். “மிதிங்க... பிடிங்க...” அவர் திறந்து மூடுவார். “இப்ப விடுங்க.” மூடும் முன் காலை எடுத்தால் காற்று மீண்டும் உள்ளே போய்விடும். முத்து முத்தாக வந்த குமிழிகள் நின்றதும் அடுத்த சக்கரம். இடையிடையே டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருந்தார். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது காடிக்குக் காடி மாறும், கையேட்டைப் பார்ப்பது நல்லது. எல்லாம் சேர்த்து இருநூறு வெள்ளிக்குள் முடிந்தது.

கழற்றிப் போட்ட ரப்பர் வளையத்தை அப்பா கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சுண்டுவிரல் நகம் அளவுதான். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தை டான் சே யான் 1896-இல் போட்டது இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில். அடுத்து அவர் பெரிய அளவில் நட்டது அசகான் பக்கம். அந்த மண்ணில் பால்மரம் வெட்டிய குடும்பம் எங்களுடையது. ரப்பர் எப்போது உயிர்விடும் என்று அப்பாவுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் பழகிவிட்டார். தோட்டத்து மனிதர்களுக்கு இருப்பதை வைத்து ஓட்டிப் பழக்கம். அந்தப் பொறுமைதான் எங்களைப் படிக்க வைத்தது. ஆனால் பிரேக்கிடம் அந்தப் பொறுமை வேண்டாம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய காடி இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் சாவியை வாங்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அவர்கள் சொல்ல மாட்டார்கள், பெடல் சொல்லிவிடும்.

நாங்கள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அப்பா போன் செய்தார்.

“முத மிதியிலயே நிக்குதும்மா. பழகத்தான் கொஞ்ச நாளாகும்.”