கோட்டுக்கு வெளியே ஒரு கால்

நாகர்கோவிலில் பஸ் ஏறி 'முட்டம்' என்றால் கண்டக்டர் சிரித்தபடி டிக்கெட் கிழிப்பார். எல்லாம் 'அலைகள் ஓய்வதில்லை', 'கடலோரக் கவிதைகள்' செய்த மாயம்! பாரதிராஜா புண்ணியத்தில் ஊரே அங்கே இறங்கிவிடுகிறது. பக்கத்திலேயே இருக்கும் கடியப்பட்டணத்தில் இறங்குகிறவர்கள் மீன்காரர்களும், என்னைப் போல் வழி தவறினவர்களும்தான்.

வள்ளியாறு கடலில் கலக்கிற அழகைப் பார்க்கப் போனேன். பார்த்தது ஃபுட்பால்!

குமரிக் கடற்கரையில் சாயங்காலம் என்றால் பந்துதான். வள்ளங்களுக்கு நடுவே பையன்கள் பறந்துகொண்டிருந்தார்கள். பந்து வெளியே உருண்டது. பாவாடை கட்டிய ஒரு சிறுமி ஓடிப் போய், வெறுங்காலால், அதுவும் இடது காலால், ஒரு தட்டு தட்டினாள். பந்து வளைந்து போய் ஒரு பையன் காலடியில் நின்றது. யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்குத்தான் வாய் பிளந்தது.

"நீ ஆடலையாம்மா?"

"ஸ்கூல்ல ஆடுவேன் சார். இங்க ஆடக் கூடாது."

"ஏன்?"

"எங்க அண்ணன் ஆடுதான்லா!"

நமக்குப் புரியாத லாஜிக். ஆனால் லண்டன்காரர்களுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. 1920-ல் லிவர்பூலில் பெண்கள் ஆட்டம் பார்க்க 53 ஆயிரம் பேர் கூடினார்கள். அடுத்த வருஷமே இங்கிலாந்து கால்பந்துச் சங்கம், 'இந்த ஆட்டம் பெண்களுக்கு உகந்ததல்ல' என்று தன் கிளப் மைதானங்களின் கதவைச் சாத்திவிட்டது. திறக்க ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆயிற்று!

நம்மூர் பெண்கள் லேசுப்பட்டவர்களா? 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தேசிய சாம்பியன் ஆனது தமிழ்நாடு. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் கோப்பை. நடுவில் 2019-ல் மதுரை சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கையே வென்றது. நம் ஆபீஸ் கான்டீனில் இதைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆட்டக்காரர் பெயர்கூட நமக்கு அத்துப்படி!

அலுமினியப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்த பாட்டியிடம் கேட்டேன்: "பொம்பளைப் பிள்ளைங்க பந்தாடினா தப்பா பாட்டி?"

"நாலு பேரு ஏசுவாவ தம்பி."

கொஞ்சம் கழித்து அவரே தொடர்ந்தார். "நான் தலையில முப்பது கிலோ மீனு சுமந்து ஊரூரா நடந்தேன். அப்ப ஒருத்தனும் 'பொம்பளைக்கு ஆவாது'ன்னு சொல்லல. அந்தப் பந்து எத்தன கிலோ இருக்கும்?"

"அரைக் கிலோகூட இல்லை பாட்டி."

பாட்டி பொக்கை வாயால் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பி.காம். படித்தவன் புத்தி, உடனே வரவு-செலவு போட்டது. சின்ன வயசில் எனக்கு அப்பா பந்து வாங்கித் தந்தார். என் தங்கை? அவளும் பந்தைப் பொறுக்கித்தான் போட்டாள். 'நீயும் வா' என்று ஒரு நாள்கூட நான் கூப்பிட்டதில்லை.

கிளம்பும்போது பந்து என் பக்கம் வந்தது. வீரமாக உதைத்தேன். செருப்பு ஒரு திசை, பந்து கடல் திசை! பையன்கள் ஓவென்று கத்த, அந்தச் சிறுமி அலைக்குள் ஓடிப் பந்தை மீட்டாள். ஒரே தட்டு. ஆட்டத்துக்கு நட்டநடுவே போய் விழுந்தது பந்து.

அவள் மட்டும் கோட்டுக்கு வெளியே, பாவாடையைப் பிழிந்தபடி நின்றாள்.