ட்வார்ஃபுக்கு மயக்க மருந்து ஏறாது

எல்லாம் எங்கள் ஹாஸ்டல் பூனையில் ஆரம்பித்தது. மூன்றாம் வருடம், மழைக்காலம். படிக்கட்டிலேயே குடியிருக்கும் அந்தப் பூனை ரெண்டு நாளாகச் சாப்பிடவில்லை. எங்கள் விங்கில் ஒருத்தன், நல்ல மனசுக்காரன்தான், ஒரு பாராசிட்டமாலைப் பொடி பண்ணி பாலில் கலந்துவிட்டான். கால்நடை மருத்துவம் படிக்கிற என் பெரியப்பா பொண்ணுக்கு, எதுக்கும் கேட்டுக்கலாமேன்னு போன் போட்டேன். அந்தப் பக்கம் ஒரே அலறல். "டேய், முதல்ல அதைக் கீழ கொட்டுடா!"

பாராசிட்டமாலை நம்ம கல்லீரல் உடைத்து வெளியேற்றுகிற முக்கியமான வழி பூனைக்குச் சரியாக வேலை செய்யாதாம். நம்ம காய்ச்சலுக்குப் போடுகிற ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொல்லப் போதும். (பூனையைக் கூடையில் வைத்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். பிழைத்துவிட்டது. இப்போ மெஸ்ஸில் என்னைவிட நல்லா சாப்பிடுது.)

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் பூனை இல்லை, எங்க கேம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு பேர் வெளியிட்ட விளையாட்டு. ஒருத்தர் கதையை நடத்துவார், அவர்தான் டிஎம். மத்தவங்க ஆளுக்கொரு கேரக்டர். சண்டையோ, பேரமோ, சுவர் ஏறுறதோ, ஜெயிச்சோமான்னு இருபது முகப் பகடைதான் சொல்லும். எங்க ரூமில் டிஎம் நான். சனிக்கிழமை ராத்திரி கட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஆடுவோம்.

அந்த கேமில் காயத்துக்குக் குடிக்கிற மருந்து ஒன்று உண்டு. 50 தங்கக் காசு. நாலு முகப் பகடை ரெண்டை உருட்டி, வந்ததோடு ரெண்டைக் கூட்டினால், அவ்வளவு உயிர் திரும்ப வரும். மனுஷன் குடித்தாலும் அதே, எல்ஃப் குடித்தாலும் அதே, ட்வார்ஃப் குடித்தாலும் அதே. எல்ஃப் 750 வருஷம்கூட வாழும். தூங்கவே தூங்காது. நாம எட்டு மணி நேரம் தூங்கினால், அது நாலு மணி நேரம் தியானம் மாதிரி உட்கார்ந்து எழுந்துவிடும். ட்வார்ஃப் சுரங்கத்தில் வாழ்கிற குட்டைத் தாடிக்காரன், விஷம் அவ்வளவு சீக்கிரம் ஏறாது. பூனைக்கும் நமக்குமே ஒரே மாத்திரை ஒத்துக்கலைன்னா, இவங்களுக்கெல்லாம் எப்படி ஒத்துக்கும்? நீங்களே சொல்லுங்க.

தெர்மல் லேப் நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். மூலிகைக்கெல்லாம் பேர் வேணும். நான் எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம், துளசியைத் தாண்டி ஒரு செடி பேர் தெரியாது. ஊருக்குப் போனப்போ அப்பாயிகிட்ட, "அப்பாயி, மருந்துன்னா என்னென்ன இருக்கு?"ன்னு கேட்டேன். "எந்த மருந்துடா?"ன்னு திருப்பிக் கேட்டாங்க. இருமலுக்குக் குடிக்கிறதும் மருந்து. வயலில் பூச்சிக்கு அடிக்கிறதும் மருந்து. தீபாவளிக்குக் காலையில் தின்கிற லேகியம் மருந்து, அன்றைக்கே வெடிக்கிற பட்டாசுக்குள்ளும் மருந்து. ஒருத்தன் பொண்டாட்டி பேச்சை மட்டும் கேட்டால், "அவனுக்கு மருந்து வெச்சுட்டா". என் கேமில் இருக்கிற மொத்தக் கடைச் சரக்கும் ஒரே வார்த்தைக்குள் இருந்தது.

பதினாறாம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்கிற மருத்துவர் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: எல்லாமே விஷம், அளவுதான் வித்தியாசம். அப்படின்னா ட்வார்ஃபைப் பற்றி யோசிச்சுப் பாருங்க. விஷம் ஏறாத உடம்பில் மருந்தும் ஏறாது. வலி மருந்து, மயக்க மருந்து எதுவும் கிடையாது. ரூல் புக்கில் வரம் மாதிரி போட்டிருக்கிற விஷயம் ஆபரேஷன் டேபிளில் சாபம். இதைக் கண்டுபிடித்தப்போ எனக்கு வந்த சந்தோஷம், ஃபைனல் இயர் புராஜெக்டில் இன்றுவரை வரவில்லை.

அப்புறம் கழுகு மேட்டர். நம்ம நாட்டில் மாட்டுக்கு வலி மருந்தாக டைக்ளோஃபெனாக் கொடுத்தார்கள். செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006ல்தான் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். இதையும் அப்படியே எடுத்து ஓர்க் வைத்தியத்தில் போட்டு, மலை மேல் இருந்த கிரிஃபின்களையெல்லாம் சாகவிட்டேன். பசங்க ரெண்டு வாரம் கண்டுபிடிக்க முடியாமல் திணறினாங்க.

ஒரு சனிக்கிழமை எங்க ட்வார்ஃபின் கால் பாறைக்கடியில் மாட்டிக்கொண்டது. வெட்டி எடுக்கணும். மயக்க மருந்து ஏறாது. அப்போதான் நான் பெருமையாக 'கல்வேர்' என்கிற சரக்கை இறக்கினேன். ட்வார்ஃப் உடம்பில் வேலை செய்கிற ஒரே வேர். ஒரு சிக்கல்: தின்றால் விட முடியாது. ஒரு நாள் தின்னாவிட்டால் பகடை உருட்டணும், 15க்குக் கீழே விழுந்தால் ஸ்ட்ரெங்த்தில் மைனஸ் ரெண்டு. அடுத்த வாரம் கல்வேர் போதையில் அவன் எப்படி நடப்பான், எப்படிக் குழறுவான்னு நானே எழுந்து நடித்துக் காட்டினேன். ரூமே உருண்டு சிரித்தது. ட்வார்ஃபாக ஆடுகிறவன் மட்டும் பகடையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான்.

ராத்திரி ரெண்டு மணிக்கு மொட்டை மாடியில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். (அவனிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பேர் வேண்டாம்னான்.)

"உன் ரூல் தப்புடா."

"எது? பதினஞ்சு ஜாஸ்தியா?"

"மைனஸ் ரெண்டை அவனுக்குப் போட்டிருக்க. எங்க வீட்ல அப்படி இல்ல. எங்கப்பா குடிச்ச அன்னைக்கு சத்தம் போட்டுட்டு தூங்கிருவார். குடிக்காத அன்னைக்குதான் யாரும் தூங்க மாட்டோம். ரொம்ப நல்லா பேசுவார், சத்தியம் பண்ணுவார், கை நடுங்கும். ஒரு தடவை வலிப்பே வந்துருச்சு. எந்நேரம் எழுந்து வெளிய போவார்னு அம்மாவும் நானும் மாத்தி மாத்தி முழிச்சிருப்போம். நீ எழுதணும்னா அதை எழுது."

குடியைத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு வலிப்பு வரும், டாக்டர் பார்வையில்தான் நிறுத்தணும் என்பதெல்லாம் நான் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் எனக்கு ஸாரி சொல்லக்கூட வாய் வரவில்லை. பூனை கல்லீரல் வரைக்கும் விசாரித்தவன், நாலு வருஷமா கூடவே சாப்பிடுகிறவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கல்வேரைக் கதையிலிருந்தே தூக்கிடட்டுமான்னு கேட்டேன். "தூக்காத. சரியா எழுது"ன்னான்.

ரெண்டு பேரும் சேர்ந்து எழுதினோம். பழைய வரியை அடித்துவிட்டு: கல்வேர் தின்னாத ராத்திரியில், அவனோடு ஒரே முகாமில் படுக்கிற யாருக்கும் முழு ஓய்வு கிடையாது. எங்க கேமில் முழு ஓய்வு இல்லைன்னா காயம் ஆறாது, மந்திரம் திரும்ப வராது. குரூப்பே தேஞ்சு போகும்.

அடுத்த சனிக்கிழமை ரூலைப் படித்துக் காட்டினேன். காரணம் சொல்லவில்லை. "இது ரொம்ப ஓவர்டா, இவனைத் தனியா படுக்கச் சொல்லலாம்"னு ஒருத்தன் சொன்னான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஃபேன் சத்தம் மட்டும்.

எல்ஃபாக ஆடுகிறவன் சிப்ஸ் பாக்கெட்டை மடித்துக்கொண்டே சொன்னான்: "நான்தான் தூங்கவே மாட்டேனே. நாலு மணி நேரம் போதும் எனக்கு. மீதி நேரம் அவன்கூட நான் உட்கார்ந்துக்கறேன். நீங்க படுங்க."

"தினமுமா?"ன்னு கேட்டேன்.

"தினமும்தான். பகடை எதாவது போடணுமா?"

வேண்டாம்னு சொன்னேன். ட்வார்ஃப் ஒன்றும் சொல்லவில்லை. நகர்ந்து உட்கார்ந்து அவனுக்கு இடம் விட்டான்.