சாமிக்கு வரி உண்டா?

ஆபீஸ்ல இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டிருந்த மேட்டரை இன்னைக்கு எடுத்துட்டேன். கோவில், சர்ச், பள்ளிவாசலுக்கெல்லாம் வரிவிலக்கு கொடுக்கணுமா, வேண்டாமா? ஆத்திகர், நாத்திகர் ரெண்டு கோஷ்டியும் கல்லை எடுக்கிறதுக்கு முன்னாடி முழுசா படிச்சிருங்க மக்கா :-)

முதல்ல தமிழையே எடுத்துக்குவோம். இறைன்னா கடவுள். இறைன்னா வரியும்தான். சோழர் காலக் கல்வெட்டுகள்ல கோவிலுக்குக் கொடுத்த நிலம் தேவதானம், வரி கட்டத் தேவையில்லாத நிலம் இறையிலி. ஆனா இறையிலின்னதும் வரி காத்துல கரைஞ்சு போச்சுன்னு அர்த்தமில்ல. பல இடத்துல அரசனுக்குப் போக வேண்டியது கோவில் பக்கம் திரும்பிச்சு, அவ்வளவுதான். விளக்குக்கு எவ்வளவு நெய், படையலுக்கு எவ்வளவு நெல்லுன்னு அதையும் கல்லுல வெட்டி, எல்லாரும் பார்க்கிற செவத்துல வச்சாங்க. இந்தச் செவத்தை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வேலை இருக்கு.

எங்க ஊர் விஸ்வநத்தம். சிவகாசியை ஒட்டின ஊர். தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ்தான் எங்க ஜனங்களுக்குச் சோறு. (ஆபீஸ்னதும் ஏசி ரூம்னு நெனச்சுக்காதீங்க, ஃபேக்டரியைத்தான் அப்படிச் சொல்லுவோம்.) பொங்கல் சாட்டினா தெருவுல தலைக்கட்டு வரி எழுதுவாங்க. கவனிங்க, அதுக்கும் பேர் வரிதான்! கல்யாணம் ஆன ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. பொங்கல் முடிஞ்சதும் கோவில் முன்னாடி உக்காந்து வரவு செலவு படிப்பாங்க. மைக்செட்டுக்கு இவ்வளவு, வாழைமரத்துக்கு இவ்வளவு. "எலுமிச்சம்பழம் எப்படிய்யா இருநூறு ரூவா வந்துச்சு?"ன்னு ஒரு பெருசு எந்திரிச்சுக் கேக்கும். அரை மணி நேரம் எலுமிச்சம்பழப் பஞ்சாயத்து நடக்கும். நம்ம நாடாளுமன்றத்துல கூட பட்ஜெட்டை இவ்வளவு நோண்ட மாட்டாங்க.

இதோட பெரிய வடிவம்தான் மகமை. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை பக்கம் நாடார் உறவின்முறைகள் வியாபாரத்துல இவ்வளவுன்னு தங்களுக்குத் தாங்களே போட்டுக்கிட்ட வரி அது. எந்தச் சர்க்காரும் கேக்கல. அந்தப் பணம் கோவிலுக்கும் போச்சு, பள்ளிக்கூடத்துக்கும் போச்சு. 1889ல விருதுநகர்ல ஆரம்பிச்ச சத்திரிய வித்தியாசாலாவை வளர்த்தது மகமையும், வீட்டுக்கு வீடு எடுத்து வச்ச பிடி அரிசியும்தான். காமராஜர் படிச்சதும் அங்கதான்.

மகமை மாதிரி வடக்க 'தர்மாதா'ன்னு ஒண்ணு உண்டு. வியாபாரி பில்லுலயே தர்மத்துக்குன்னு சேர்த்து வாங்குற காசு. அது வியாபாரியோட வருமானமா, அதுக்கு வரி உண்டான்னு கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 1979ல பிஜ்லி காட்டன் மில்ஸ் வழக்குல, ஆரம்பத்துலயே தர்மத்துக்குன்னு ஒதுக்கி வாங்கின காசு வருமானம் ஆகாதுன்னு தீர்ப்பு. நியாயம்தானே? காசு அவர் கை வழியா போகுது, அவ்வளவுதான்.

ஆக, விலக்குங்கிறதே தப்புன்னு நான் சொல்ல வரல. பிரச்சனை அடுத்த படியில இருக்கு.

வருமான வரிச் சட்டத்துல பதிவு பண்ணின தர்ம, மத ட்ரஸ்ட் வருமானத்துல 85 சதவீதத்தை அந்தக் காரியத்துக்கே செலவழிச்சா வரி இல்ல. 1961 சட்டத்துக்குப் பதிலா 2025ல புதுச் சட்டம் நிறைவேறினப்பவும் இந்த அடிப்படை மாறல. இன்னொண்ணு, 2006ல பேர் தெரியாம வர்ற நன்கொடைக்கு 30 சதவீத வரின்னு கொண்டு வந்தாங்க. ஒரு அளவுக்கு மேல வந்தா அநாதை இல்லம் நடத்துற ட்ரஸ்ட்டுக்குக் கூட அது உண்டு. முழுக்க மத ஸ்தாபனம்னா கிடையாது. உண்டியல்ல போடுறவன் பேர் எழுதியா போடுவான்? காரணம் புரியுது. ஆனா யார் கொடுத்தான்னும் தெரியாது, எங்க போச்சுன்னும் வெளிய தெரியாதுன்னா? ஆடிட் ரிப்போர்ட்டை வருமான வரித்துறைக்கு அனுப்பணும், சரி. காசு போட்ட ஜனங்களுக்கு? அந்தச் செவம் எங்க?

எங்க அக்கா கல்யாணத்துக்கு ஒரு மத ட்ரஸ்ட்டோட மண்டபம் பிடிச்சோம் (எந்த மதம், எந்த ஊர்னு சொல்ல மாட்டேன்). வாடகை பில்லு 9,500 ரூபா. அதுக்கு மேல 40,000 ரூபா 'நன்கொடை'ன்னு தனி ரசீது. கொடுக்கலைன்னா சாவி கிடையாது. வாசல்லயே வாங்குற இது என்ன நன்கொடைன்னு நோண்டிப் பார்த்தா, வழிபாட்டு வளாகத்து மண்டபத்துக்கு ஒரு நாள் வாடகை பத்தாயிரத்துக்குக் கீழ இருந்தா ஜிஎஸ்டி விலக்கு! நம்ம கோடுல எட்ஜ் கேஸ் பார்த்து எழுதுவோமே, அதே மாதிரி பில்லு எழுதியிருக்காங்க. அப்பாவுக்கு முகம் செத்துப் போச்சு. ஆனா நல்ல காரியமாச்சே, வாயைத் திறக்கல.

இதைச் சித்தப்பாகிட்ட சொன்னேன். அவர் பயர் ஆபீஸ்ல கணக்கு பார்க்கிறவர், தெருக்கோவில் கமிட்டியிலயும் இருக்கார்.

"ஏய்யா, அதுக்காக சாமிகிட்ட போய் வரி கேப்பியா?"

"சாமிகிட்ட இல்ல சித்தப்பா. மண்டபத்துகிட்ட."

"கோவில்தான் ஏற்கனவே அறநிலையத்துறைக்குக் கட்டுதே?"

நல்ல கேள்வி. அதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. 1951 மெட்ராஸ் சட்டத்துல மத ஸ்தாபனங்கள் வருமானத்துல 5 சதவீதம் வரைக்கும் அரசுக்குக் கட்டணும்னு இருந்துச்சு. 1954ல ஷிரூர் மடம் வழக்குல சுப்ரீம் கோர்ட், இது கட்டணம் இல்ல, வரி, மாநிலத்துக்கு இதைப் போட அதிகாரம் இல்லன்னு அடிச்சிடுச்சு. அப்புறம் நிர்வாகச் சேவைக்கான கட்டணம்னு மாத்தி எழுதி, 1959 சட்டத்துலயும் அது தொடருது. பள்ளிவாசல் பக்கமும் வக்ஃப் வாரியத்துக்குப் பங்கு உண்டு, 7 சதவீதமா இருந்ததை 2025 திருத்தத்துல 5 ஆக்கினாங்க. இதெல்லாம் மேற்பார்வைக் கூலி. அந்தக் காசுல ரோடு போட முடியாது, ஆம்புலன்ஸ் வாங்க முடியாது.

ஆம்புலன்ஸை ஏன் இழுக்கிறேன்னா, 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து. முப்பதுக்கும் மேல உசுரு போச்சு. நான் அப்ப ஸ்கூல் பையன். அன்னைக்கு எங்களுக்கு வேண்டியிருந்தது தீயணைப்பு வண்டி, 108, சிவகாசி ஜிஹெச், மதுரை பெரியாஸ்பத்திரி. எல்லாமே வரிப்பணம். எங்க பெரியம்மா பயர் ஆபீஸ்ல கூலிக்குப் போறவங்க. வருமான வரி கட்டுற அளவுக்குச் சம்பளம் இல்ல. ஆனா வாங்குற சோப்புலயும் பிஸ்கட்டுலயும் ஜிஎஸ்டி கட்டுறாங்க. அவங்க செய்யுற பட்டாசுக்கும் 18 சதவீதம். மண்டபம் கட்டாம விட்ட வரியை ஈடு கட்டுற லிஸ்ட்ல பெரியம்மாவும் இருக்காங்க, அவங்களுக்கே தெரியாம.

வெளிநாட்டுல மட்டும் சுத்தமான்னா அதுவும் இல்ல. அமெரிக்காவுல மத்த தர்ம ஸ்தாபனங்கள் வருஷா வருஷம் பொதுவுல கணக்கு காட்டணும், சர்ச்சுக்கு மட்டும் அதுலயும் விலக்கு. ஜெர்மனியில சர்ச்சுக்காக அரசாங்கமே வரி வசூலிக்குது. உறுப்பினர் கட்டுற வருமான வரி மேல 8 இல்லன்னா 9 சதவீதம். வேண்டாம்னா உறுப்பினர் பதவியை எழுதிக் கொடுத்துட்டு விலகிக்கலாம். நம்ம தலைக்கட்டு வரிதான், கொஞ்சம் கம்ப்யூட்டர் போட்டு :-)

என் கட்சி இதுதான். சந்நிதி, உண்டியல், அன்னதானம், இதுக்கெல்லாம் விலக்கு இருக்கட்டும். மண்டபம், கடை வாடகைக்கு, பக்கத்துல அண்ணாச்சி கட்டுற அதே வரி. அப்புறம் எந்த மதமா இருந்தாலும், விலக்கு வாங்குற ஒவ்வொரு இடமும் வருஷக் கணக்கை வாசல்ல எழுதி ஒட்டணும். ராஜராஜன் காலத்துல கல்லுல வெட்ட முடிஞ்சது, இப்ப ஒரு ஏ4 ஷீட்ல முடியாதா?

சித்தப்பா கடைசி வரைக்கும் ஒத்துக்கல. "ஒட்டுனா நாளைக்கே எலுமிச்சம்பழத்துக்குச் சண்டை வரும்யா"ன்னார்.

வரட்டும் சித்தப்பா. அந்தச் சண்டை வர்ற வரைக்கும்தான் அது நம்ம கோவில்.